பள்ளிக்கூட பெஞ்சில் காலேஜ் கணக்கு!

கையெழுத்துப் போட்ட பிறகே பாடம் - அமெரிக்க அல்ஜீப்ரா வகுப்பின் சட்டதிட்டங்கள்

மும்பையில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை "ஜூனியர் காலேஜ்" போகிறது. பெயர்தான் காலேஜ். படிப்பது 11, 12-ம் வகுப்புப் பாடம். பரீட்சை நடத்தி மார்க்குப் போடுவது மாநிலக் கல்வி போர்டு.

அமெரிக்காவில் இதற்கு நேர் தலைகீழான ஒரு ஏற்பாடு உண்டு. பிள்ளை உட்கார்ந்திருப்பது ஹைஸ்கூல் பெஞ்சில். வயது 16 அல்லது 17. சொல்லிக் கொடுப்பவரும் பல இடங்களில் அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்தான். ஆனால் படிப்பது காலேஜ் பாடம். வாங்கும் மார்க்கு காலேஜ் ரிஜிஸ்டரில் ஏறிவிடும்.

இப்படிப் படிக்கும் பாடங்களில் பெயர் பெற்ற ஒன்று "காலேஜ் அல்ஜீப்ரா". அதாவது, கல்லூரி இயற்கணிதம்.

இந்த வகுப்பில் முதல் நாள் கணக்கை விடச் சட்டம்தான் அதிகம். சில பக்கங்கள் கொண்ட ஒரு தாளை ஆசிரியர் கொடுக்கிறார். எத்தனை பரீட்சை, எதற்கு எத்தனை மார்க்கு, வராமல் இருந்தால் என்ன, காப்பி அடித்தால் என்ன என்று எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். மாணவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பல பள்ளிகளில் தாய்-தகப்பனார் கையெழுத்தும் கேட்கிறார்கள்.

உத்தியோக நிமித்தம் அங்கே போய்க் குடும்பத்தோடு வசிக்கும் தமிழர்கள் வீட்டுக்கும் இந்தத் தாள் வருகிறது. மாதுங்காவிலும் செம்பூரிலும் இருக்கும் தாத்தா-பாட்டிகளுக்கு அந்தச் செய்தி போனில் வருகிறது. "கணக்கு வகுப்புக்குப் போய் அப்பன் கையெழுத்து எதற்கு?" என்று அவர்கள் கேட்டால் அதில் நியாயம் உண்டு.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது? ஏன் இவ்வளவு கண்டிப்பு?

என்ன படிப்பு இது?

அமெரிக்காவில் 9 முதல் 12 வரை உள்ள வகுப்புகள் ஹைஸ்கூல். கணக்குப் பாடத்தை அங்கே பெயர் வைத்துப் பிரித்திருக்கிறார்கள். முதலில் அல்ஜீப்ரா-1, பிறகு ஜியோமெட்ரி, அதன் பிறகு அல்ஜீப்ரா-2. பொதுவான வழக்கம் இதுதான். இந்த மூன்றையும் முடித்தவர்களுக்கு அடுத்து ஏறக்கூடிய படிகளில் ஒன்று, காலேஜ் அல்ஜீப்ரா.

இருபடிச் சமன்பாடு, சார்புகள், அவற்றின் வரைபடங்கள், அடுக்குகள், லாகரிதம், அணிகள் ஆகியவை இதில் வருகின்றன. கிளார்க் டேபிளைப் புரட்டி லாகரிதம் பார்த்த பழைய எஸ்.எஸ்.எல்.சி.காரர்களுக்குக் கூட இந்தப் பெயர்கள் பழக்கமானவை. "இதுதானா காலேஜ் கணக்கு!" என்று நம் ஊர்க்காரர்கள் அலட்சியமாக நினைப்பது உண்டு. ஆனால் அந்த வகுப்பில் மாணவர்கள் இடறுவது பாடத்தின் கடினத்தால் மட்டும் நடப்பதில்லை. வகுப்பின் நடைமுறையைப் புரிந்துகொள்ளாமல் இடறுகிறவர்களும் உண்டு.

பள்ளியில் இருக்கும்போதே காலேஜ் பாடம் படிக்க மாநில அளவில் சட்டம் போட்டு முதலில் கதவைத் திறந்தது மின்னசோட்டா மாநிலம். ஆண்டு 1985. அதன் பிறகு மற்ற மாநிலங்களும் தத்தமக்கு ஏற்றபடி விதிகளைச் செய்துகொண்டன.

ரயில் வண்டிக்கு எண் கொடுப்பது போல, இந்தப் பாடத்துக்கும் சில மாநிலங்களில் பொது எண் உண்டு. டெக்சாஸ் மாநிலத்தில் காலேஜ் அல்ஜீப்ராவின் எண் 1314. புளோரிடாவில் 1105. மாநிலத்துக்குள் ஒரு கல்லூரியில் படித்துவிட்டு இன்னொரு கல்லூரிக்குப் போனாலும், எண்ணைப் பார்த்து "இது இன்ன பாடம்" என்று தெரிந்துகொள்ளலாம்.

லாபம் என்ன? அங்கே ஒரு டிகிரி வாங்கச் சுமார் 120 கிரெடிட் சேர்க்க வேண்டும். இந்த ஒரு பாடத்துக்கு வழக்கமாக 3 கிரெடிட். பள்ளியில் இருக்கும்போதே அது கணக்கில் சேர்ந்துவிடும். காலேஜ் பீஸ் மிகவும் அதிகமான நாடு அது. புளோரிடாவில் இப்படிப் படிக்கும் அரசுப் பள்ளி மாணவர்களிடம் அரசுக் கல்லூரிகள் பாடக் கட்டணம் வாங்குவதில்லை. வேறு சில மாநிலங்களில் குறைந்த கட்டணம் உண்டு. கைப்பணம் குறைவான குடும்பத்துக்கு இது பெரிய உதவி.

வாரத்துக்கு 9 மணி நேரம்

தாளில் பெற்றோர்கள் முதலில் பார்க்க வேண்டியது நேரக் கணக்கு.

கிரெடிட் என்றால் என்ன என்பதற்கு அமெரிக்க மத்திய சர்க்கார் ஓர் அளவு வைத்திருக்கிறது. சுமார் 15 வாரம் நடக்கும் ஒரு பருவத்தில், ஒரு கிரெடிட்டுக்கு வாரம் 1 மணி நேரம் வகுப்பு. அதோடு குறைந்தது 2 மணி நேரம் வெளியே படிப்பு. ஆக 3 கிரெடிட் பாடத்துக்கு வகுப்பில் 3 மணி, வீட்டில் 6 மணி. மொத்தம் வாரத்துக்கு 9 மணி நேரம். ஒரே ஒரு பாடத்துக்கு!

வகுப்பில் ஆசிரியர் எல்லாக் கணக்கையும் போட்டுக் காட்ட மாட்டார். மாதிரிக்குச் சில போடுவார். மீதியை மாணவர் தாமே போட்டுப் பழக வேண்டும். புரியாவிட்டால் ஆசிரியரின் சந்திப்பு நேரத்தில் போய்க் கேட்க வேண்டும். பள்ளியில் ஆசிரியர் பிள்ளையைத் தேடி வருவார். காலேஜ் பாடத்தில் பிள்ளைதான் ஆசிரியரைத் தேடிப் போக வேண்டும். அந்தத் தாளில் உள்ள விதிகளில் பாதி இந்த ஒரு மாற்றத்தைப் பற்றியவை.

மார்க்கு எப்படிச் சேருகிறது?

நம் பிள்ளைகளுக்கு ஆண்டு இறுதியில் வரும் பெரிய பரீட்சைதான் எல்லாம். கடைசி இரண்டு மாதம் விழுந்து விழுந்து படித்துக் கரையேறியவர்கள் ஏராளம். காலேஜ் அல்ஜீப்ராவில் அந்த வித்தை பலிக்காது. முதல் வாரத்திலிருந்தே மார்க்கு சேரத் தொடங்கிவிடுகிறது.

கல்லூரிக்குக் கல்லூரி விகிதம் மாறும். உதாரணத்துக்கு ஒன்றைப் பார்க்கலாம். இடையில் வரும் பரீட்சைகளுக்கு 60 பங்கு, இறுதிப் பரீட்சைக்கு 25, வீட்டுக் கணக்குக்கு 15. ஆக மொத்தம் 100. இதில் 90-க்கு மேல் "ஏ", 80-க்கு மேல் "பி", 70-க்கு மேல் "சி", 60-க்கு மேல் "டி". அதற்கும் கீழே போனால் "எப்". அதாவது தோல்வி.

இப்போது இரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்வோம்.

முதல் மாணவர் வீட்டுக் கணக்கில் நூற்றுக்கு 95. பரீட்சைகளில் சராசரி 62. இறுதிப் பரீட்சையில் 60. பங்குப்படி கூட்டினால் 66.45 வருகிறது. கிடைப்பது "டி". வீட்டில் போட்ட கணக்கு அவரைக் காப்பாற்றவில்லை.

இரண்டாவது மாணவர் கெட்டிக்காரர். பரீட்சைகளில் 75, இறுதியில் 76. "எனக்குத்தான் தெரியுமே" என்று வீட்டுக் கணக்கைப் பாதிக்கு மேல் கொடுக்காமல் விட்டுவிட்டார். அதில் வந்தது 30 மட்டும். கூட்டினால் 68.5. அவருக்கும் "டி"தான்! வீட்டுக் கணக்கில் 90 வாங்கியிருந்தால் 77.5 வந்திருக்கும். "சி" கிடைத்திருக்கும்.

"டி" வாங்கினாலும் பாஸ்தானே என்று நினைக்கலாம். இங்கேதான் சங்கடம். வேறு கல்லூரிக்குப் போகும்போது, "சி"க்குக் கீழே உள்ள பாடத்தைப் பல கல்லூரிகள் ஏற்பதில்லை. அடுத்த கணக்குப் பாடத்துக்குப் போகவும் பெரும்பாலும் "சி" வேண்டும். படித்த உழைப்பு உழைப்பாகவே நின்றுவிடும்.

விடை மட்டும் போதாது

கணக்கைப் போடும் முறையிலும் சட்டம் உண்டு. விடை சரியாக இருந்தாலும் வழி காட்டாவிட்டால் முழு மார்க்குக் கிடையாது. இது ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு.

ஓர் எண்ணோடு 6-ஐக் கூட்டுங்கள். வந்ததற்கு வர்க்கமூலம் எடுங்கள். முதலில் எடுத்த எண்ணே திரும்ப வருகிறது. அந்த எண் எது?

இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்தி இருபடிச் சமன்பாடாக மாற்றினால் இரண்டு விடைகள் வரும். ஒன்று 3. இன்னொன்று மைனஸ் 2. அவசரக்காரர் இரண்டையும் எழுதிவிட்டுப் போய்விடுவார். சோதித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். 3-உடன் 6 சேர்ந்தால் 9. அதன் வர்க்கமூலம் 3. சரி. மைனஸ் 2-உடன் 6 சேர்ந்தால் 4. அதன் வர்க்கமூலம் 2. மைனஸ் 2 வரவில்லை. ஆகவே அந்த விடை தள்ளுபடி.

வர்க்கப்படுத்தும்போது இல்லாத விடை ஒன்று உள்ளே நுழைந்துவிட்டது. அதைக் கண்டுபிடித்து வெளியே அனுப்புவதுதான் பாடம். விடையை மட்டும் பார்த்து மார்க்குப் போட்டால் இந்தப் பாடம் பிள்ளைக்கு ஏறியதா இல்லையா என்று ஆசிரியருக்குத் தெரியாது.

இப்போது இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. கணக்கைக் கைப்பேசியில் படம் பிடித்தால் வரிவரியாக விடை காட்டும் வசதி வந்துவிட்டது. 2022-ம் ஆண்டு இறுதியில் "சாட்ஜிபிடி" வந்த பிறகு கேட்கவே வேண்டாம். வீட்டில் போட்ட கணக்கு யார் போட்டது என்பதே சந்தேகம். ஆகவே கண்காணிப்பில் நடக்கும் பரீட்சைகளின் முக்கியத்துவம் கூடியிருக்கிறது. வரைபடம் போடும் கால்குலேட்டரைச் சிலர் அனுமதிக்கிறார்கள். சிலர் சில பரீட்சைகளுக்கு அதையும் தடுக்கிறார்கள். எது கூடும், எது கூடாது என்பது தாளில் தெளிவாக இருக்கும். மீறினால் முதலில் அந்தத் தேர்வுக்குப் பூஜ்யம். குற்றம் பெரிதானால் பாடத்திலேயே "எப்". கல்லூரியின் ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பும் கூடவே வரும்.

அப்பாவுக்குச் சொல்லக் கட்டாயம் இல்லை!

நம் பெற்றோர்களைத் திடுக்கிட வைக்கும் விதி ஒன்று உண்டு.

மாணவர்களின் படிப்புக் குறிப்புகளை யார் பார்க்கலாம் என்பது பற்றி 1974-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. பள்ளியில் படிக்கும் பிள்ளையின் குறிப்புகளைப் பார்க்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. ஆனால் பிள்ளை காலேஜ் பாடத்தில் சேர்ந்துவிட்டால், காலேஜ் குறிப்பேட்டின் உரிமை பிள்ளைக்குப் போய்விடுகிறது. வயது 18 ஆகாவிட்டாலும் அப்படித்தான்.

வருமான வரிக் கணக்கில் பிள்ளையைத் தம்மைச் சார்ந்தவராகக் காட்டும் பெற்றோருக்குக் கல்லூரி விவரம் சொல்லலாம். பிள்ளை எழுதிக் கொடுத்தாலும் சொல்லலாம். பள்ளிக்கூடத்தில் இருக்கும் குறிப்பைப் பள்ளியிலேயே கேட்டுப் பார்க்கவும் வழி உண்டு. ஆனால் காலேஜ் ஆசிரியருக்குப் போன் போட்டு, "என் பையன் எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால், "அவனையே கேளுங்கள்" என்று மரியாதையாகப் பதில் வரலாம்.

இதில் மனவருத்தப்பட ஒன்றும் இல்லை. பிள்ளையைப் பெரியவனாக நடத்துகிறார்கள். ஆனால் 16 வயதுப் பிள்ளை மார்க்குக் குறைந்தால் வீட்டில் மறைக்கக் கூடும். முதல் நாள் தாளில் கையெழுத்துப் போடும்போதே பிள்ளையோடு உட்கார்ந்து பேசி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மார்க்கைப் பார்ப்பது என்று வைத்துக்கொள்வது நல்லது.

அழியாத மார்க்கு

இந்த வகுப்பின் உண்மையான ஆபத்து இதுதான். இங்கே வாங்கும் மார்க்கு நிரந்தரமானது.

பள்ளியை முடித்து எந்தக் கல்லூரிக்கு மனுப் போட்டாலும், முன்பு எங்கெங்கே காலேஜ் பாடம் படித்தாய் என்று கேட்பார்கள். அந்த மார்க்குப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். 16 வயதில் விளையாட்டாகக் கோட்டைவிட்ட ஒரு "எப்", 20 வயதிலும் கூடவே வரும்.

அதன் எடை எவ்வளவு? "ஏ"க்கு 4 புள்ளி. "எப்"க்குப் பூஜ்யம். 3 கிரெடிட் பாடம் ஒன்றில் "எப்" வாங்கிய மாணவர், பிறகு அதே கல்லூரியில் 12 கிரெடிட் படித்து எல்லாவற்றிலும் "ஏ" வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய சராசரி 4 ஆகாது. 3.2தான். மீண்டும் படித்துப் பழைய மார்க்கை மாற்றப் பல கல்லூரிகளில் வழி உண்டு. ஆனால் முதலில் வாங்கியது பட்டியலில் தெரியும்.

முடியவில்லை என்று தெரிந்தால் குறிப்பிட்ட தேதிக்குள் விலகிக்கொள்ளலாம். பட்டியலில் "டபிள்யூ" என்ற எழுத்து விழும். சராசரியைப் பாதிக்காது. தேதி தாண்டினால் அந்த வழியும் அடைபட்டுவிடும். இந்தத் தேதியும் முதல் நாள் தாளிலோ, கல்லூரி நாட்காட்டியிலோ இருக்கிறது. ஆனால் சங்கடம் வந்த பிறகுதான் பலர் அதைத் தேடுகிறார்கள்.

உள்ளே விடுவது யார்?

சரி, படிக்க ஆசைப்படும் எல்லாருக்கும் இந்த வகுப்பு கிடைக்கிறதா? இல்லை.

முதலில் நுழைவுத் தகுதி. டெக்சாசில் "டி.எஸ்.ஐ." என்ற தேர்வு உண்டு. மற்ற இடங்களில் வேறு தேர்வு அல்லது பள்ளி மார்க்கு. இரண்டாவது, ஆசிரியர். காலேஜ் பாடம் நடத்தும் பள்ளி ஆசிரியருக்கு முதுகலைப் பட்டமும், அந்தப் பாடத்தில் 18 கிரெடிட் முதுகலைப் படிப்பும் இருக்க வேண்டும் என்று பொதுவாக எதிர்பார்க்கிறார்கள். ஒதுக்குப்புறமான ஊரிலும் ஏழைகள் வசிக்கும் பகுதியிலும் அப்படிப்பட்ட ஆசிரியர் கிடைப்பது அரிது. ஆசிரியர் இல்லாவிட்டால் வகுப்பு இல்லை.

மூன்றாவது காரணம் இன்னும் ஆழமானது. எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே "இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது" என்று ஒதுக்கிவிட்டால், பிறகு படி ஏறவே முடியாது. கிளைப் பாதை வண்டி தாமதமானால் ஜங்ஷனில் மெயில் நிற்காது அல்லவா? அதே கதைதான்.

இதை உரக்கச் சொன்னவர் ராபர்ட் மோசஸ். 1960-களில் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க உயிரைப் பணயம் வைத்துப் பாடுபட்டவர். அடிப்படையில் கணக்கு வாத்தியார். தம் மகள் படித்த பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா இல்லை என்று கண்டு, தாமே வகுப்புக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்தார். அதிலிருந்து 1982-ல் "அல்ஜீப்ரா திட்டம்" பிறந்தது. அன்று ஓட்டுரிமை எப்படியோ, இன்று ஏழைப் பிள்ளைக்கு அல்ஜீப்ரா அப்படி என்பது அவருடைய வாதம். 2021-ல் காலமாகும் வரை அதற்காகவே உழைத்தார்.

கார்பீல்டு பள்ளிக்கூடம்

கண்டிப்பும் வேண்டும், கதவும் திறந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்குமா? நடக்கும் என்று காட்டிய ஒரு பள்ளிக்கூடம் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் இருக்கிறது. பெயர் கார்பீல்டு ஹைஸ்கூல்.

அங்கே 1974-ல் ஒரு கணக்கு ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்தார். பெயர் ஹைமே எஸ்கலான்டே. தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டுக்காரர். 1930-ல் பிறந்தவர். சொந்த நாட்டில் நல்ல பெயர் எடுத்த வாத்தியார். அமெரிக்கா வந்தபோது அந்தச் சான்றிதழ்கள் செல்லவில்லை. ஹோட்டலில் தரை துடைத்தார். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். இரவில் படித்து மறுபடியும் பட்டம் வாங்கினார். பிறகுதான் பள்ளிக்கூடம் கிடைத்தது.

கார்பீல்டு மாணவர்கள் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர் பிள்ளைகள். பள்ளியின் அங்கீகாரமே பறிபோகும் நிலை. அந்தப் பிள்ளைகளுக்குக் காலேஜ் தரத்துக் கால்குலஸ் சொல்லிக் கொடுக்கப் போவதாக எஸ்கலான்டே சொன்னபோது நம்பியவர்கள் குறைவு.

1978-ல் முதல் கால்குலஸ் வகுப்பு. தாக்குப் பிடித்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்தார். அடியில் இருந்த அல்ஜீப்ரா ஆட்டம் கண்டிருந்தது. ஆகவே கீழ் வகுப்புகளிலிருந்தே கணக்குப் படிப்பைக் கட்டத் தொடங்கினார்.

அவருடைய வகுப்பிலும் கையெழுத்துத் தாள் உண்டு. மாணவரோடு பெற்றோரும் போட வேண்டும். தினமும் வீட்டுக் கணக்கு முடிக்க வேண்டும். பள்ளி விட்ட பிறகும் சனிக்கிழமையும் படிக்க வர வேண்டும். கோடை விடுமுறையிலும் வகுப்பு. சாக்குப்போக்கு செல்லாது. ஆனால் உள்ளே வர அவர் கேட்ட தகுதி பழைய மார்க்கு அல்ல. கற்றே தீருவேன் என்ற வேட்கை. ஸ்பானிய மொழியில் "கனாஸ்" என்பார். பிள்ளைகள் வரும் நேரமெல்லாம் அவரும் அங்கே இருந்தார் என்பதுதான் முக்கியம்.

1982-ல் அவருடைய மாணவர்கள் 18 பேர் நாடு தழுவிய காலேஜ் தரத் தேர்வு எழுதினார்கள். அத்தனை பேரும் பாஸ்! ஆனால் சந்தோஷம் நீடிக்கவில்லை. பல விடைத்தாள்களில் ஒரே மாதிரியான பிழை இருக்கிறது, காப்பி அடித்திருக்கலாம் என்று தேர்வு நடத்தியவர்கள் சந்தேகப்பட்டார்கள். 14 பேர் மேல் புகார். அவர்களில் 12 பேர் மறுபடியும் தேர்வு எழுத ஒப்புக்கொண்டார்கள். புதிய கேள்வித்தாள். கடுமையான கண்காணிப்பு. 12 பேரும் மறுபடியும் பாஸ் செய்தார்கள்!

1988-ல் இந்தக் கதை "ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்" என்ற பெயரில் சினிமாவாக வந்தது. ஒரே ஆண்டில் எல்லாம் நடந்துவிட்டது போலப் படம் பார்த்தவர்களுக்குத் தோன்றும். உண்மையில் 1974-ல் வேலைக்குச் சேர்ந்தவருக்கு அந்த 18 பேரை உருவாக்க 8 ஆண்டுகள் ஆயின.

அதன் பிறகு வகுப்பு பெருகியது. 35 பேர் இருக்க வேண்டிய அறையில் 50 பேருக்கு மேல் உட்கார்ந்தார்கள். அதனால் பள்ளிக்குள் பூசல். ஆதரவாக இருந்த தலைமை ஆசிரியர் 1987-ல் விலகினார். 1991-ல் எஸ்கலான்டேயும் வெளியேறினார். சில ஆண்டுகளுக்குள் கார்பீல்டில் கால்குலஸ் தேர்வில் பாஸ் செய்வோர் எண்ணிக்கை சரிந்துவிட்டது. 2010-ல் எஸ்கலான்டே காலமானார். 2016-ல் அமெரிக்கத் தபால் இலாகா அவர் படத்தோடு தபால் தலை வெளியிட்டது.

இரண்டு பக்கமும் கட்டுப்பட வேண்டும்

கார்பீல்டு கதையில் ஒரு பாடம் இருக்கிறது. கண்டிப்பான விதிகள் 1991-க்குப் பிறகும் தாளில் எழுதியிருக்கலாம். அந்த விதியைக் கடைப்பிடிக்கப் பிள்ளைக்குக் கைகொடுத்தவர்கள் போன பிறகு, தாள் தனியாக எதுவும் செய்வதில்லை.

"வீட்டுக் கணக்குத் தாமதமானால் பூஜ்யம்" என்று எழுதுவது சுலபம். மாலையில் கடையில் வேலை பார்த்துவிட்டு இரவு 10 மணிக்கு வீடு திரும்பும் மாணவர், புரியாத கணக்கை யாரிடம் கேட்பார் என்பதற்கும் பதில் வேண்டும். அந்தப் பதில் இருந்தால் விதி பிள்ளையை ஏற்றிவிடும். இல்லாவிட்டால் பலவீனமான பிள்ளையை வடிகட்டி வெளியே தள்ளும் சல்லடையாகிவிடும்.

ஆகவே இந்தத் தாள் வீட்டுக்கு வரும்போது, பெற்றோர் கையெழுத்துப் போடும் முன் ஐந்து கேள்விகளுக்கு விடை தேடிக்கொள்வது நல்லது.

ஒன்று: எதற்கு எத்தனை பங்கு மார்க்கு? வீட்டுக் கணக்கை விட்டால் எவ்வளவு போகும்?

இரண்டு: மார்க்குக் கெடாமல் விலகக் கடைசித் தேதி எது?

மூன்று: புரியாவிட்டால் உதவி எங்கே, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு?

நான்கு: பிள்ளை சேர நினைக்கும் கல்லூரி இந்தக் கிரெடிட்டை ஏற்குமா? என்ன மார்க்கு வேண்டும்?

ஐந்து: பிள்ளை படிக்கப் போகும் படிப்புக்கு இந்தப் பாடம் தேவைதானா? என்ஜினீயரிங், விஞ்ஞானம் என்றால் கால்குலஸுக்குப் போகும் வழியில் இது ஒரு படி. சரித்திரமோ இலக்கியமோ படிக்கப் போகிறவருக்குப் புள்ளியியல் பாடமே போதும் என்று பல கல்லூரிகள் இப்போது சொல்கின்றன. கௌரவத்துக்காகச் சேர்த்துவிட்டு அழியாத "எப்" வாங்குவதில் அர்த்தம் இல்லை.

இந்த ஐந்துக்கும் விடை தெரிந்த பிறகு போடும் கையெழுத்துக்குத்தான் மதிப்பு உண்டு.

தாத்தா-பாட்டிகளுக்கும் ஒரு வார்த்தை. பேரன்-பேத்தி போனில் பேசும்போது "எத்தனை மார்க்கு?" என்று கேட்பது நம் வழக்கம். அதற்கு முன், "இந்த வாரம் புரியாத கணக்கை யாரிடம் கேட்டாய்?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வந்தால் கவலை இல்லை. தயங்கினால், அவர்களுடைய அப்பா-அம்மாவிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். விலகுவதற்கான தேதி தாண்டாமல் இருக்கலாம்.